வலி மட்டுமா உட்கார வைக்கிறது? முழங்கால் தேய்மானமும் செட்டிநாட்டுப் பெண்களும்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் என் ஆயா (பாட்டி) வீடு. தெருவில் நின்று பார்த்தால் முகப்பு, நடை, வளவு (முற்றத்தைச் சுற்றிய கூடம்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கடைசி வாசல் வரை நேர்கோட்டில் வெளிச்சம் தெரியும். அந்த நேர்கோட்டில் ஏழு நிலைப்படிகள். சின்ன வயதில் நாங்கள் அவற்றைத் தாவித் தாவி ஓடியிருக்கிறோம். எத்தனை என்று எண்ணியதில்லை. எண்ணிச் சொன்னது ஆயாதான், எழுபத்தொரு வயதில். "அடுப்படியிலேருந்து முகப்புக்கு வர ஏழு படி தாண்டணும்த்தா. பூக்காரம்மா வாசல்ல நின்னு கூப்பிட்டா, இன்னைக்கு வேணாம்னு இருந்துர்றேன்."

அந்த ஏழு படியைத் தாண்ட முடியாத அளவுக்கு அவர் முட்டி கெட்டுப்போயிருந்ததா என்றால், இல்லை. அதே வாரம் பக்கத்து வீட்டுக் குழந்தை முற்றத்தில் வழுக்கி விழுந்து அலறியபோது, அடுப்படியிலிருந்து ஆயா வந்த வேகத்தை நான் பார்த்தேன். மறுநாள் கால் வீங்கியதா என்று கேட்டேன். வீங்கவில்லை. ஆயாவை உட்கார வைத்திருப்பது முட்டி மட்டுமில்லை என்ற எண்ணம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது. அதன்பிறகு படித்ததும், ஊரில் மற்றப் பெண்களிடம் கேட்டதும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2019இல் உலகம் முழுக்க ஏறக்குறைய 52.8 கோடிப் பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. அவர்களில் சுமார் 60 சதவீதம் பெண்கள். அதிகம் பாதிக்கப்படும் மூட்டு முழங்கால்தான்: 36.5 கோடிப் பேர். இந்தியாவில் பல ஊர்களில் நடத்தி 2016இல் வெளியான ஓர் ஆய்வில், கலந்துகொண்டவர்களில் 28.7 சதவீதம் பேருக்கு முழங்கால் தேய்மானம் இருந்தது. பெண்களை மட்டும் எடுத்தால் 31.6 சதவீதம். மாதவிடாய் நின்றபின் வரும் ஹார்மோன் மாற்றம், உடல் எடை, தொடைத் தசையின் பலக்குறைவு, வருஷக்கணக்கில் குத்தவைத்துச் செய்த வேலை என்று காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. அவை பரவலாகத் தெரிந்தவை. இங்கே பேச வந்தது வேறு.

ஒரே அளவு தேய்மானம் உள்ள இரண்டு பெண்களில் ஒருத்தி கோயிலுக்கும் கடைக்கும் நடந்து போய் வருகிறார், இன்னொருத்தி கட்டிலைவிட்டு இறங்க யோசிக்கிறார். ஏன்? எக்ஸ்ரேயில் இதற்குப் பதில் இருக்காது. படத்தில் எலும்பிடைவெளி வெகுவாகக் குறைந்திருந்தும் பெரிய வலியில்லாமல் நடமாடுபவர்கள் உண்டு. படத்தில் லேசான மாற்றம்தான், வலியோ தாங்க முடியவில்லை என்பவர்களும் உண்டு. எலும்பு, அதைச் சுற்றிய சவ்வு, தசை இவற்றோடு நரம்பு மண்டலம் எவ்வளவு கூர்மையாகிப் போயிருக்கிறது, ராத்திரி தூக்கம் எப்படி, மனசு எப்படி, வீடு எப்படி என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒருத்தர் எவ்வளவு நடக்கிறார் என்பது தீர்மானமாகிறது.

முதல் வில்லங்கம் 'தேய்மானம்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஆயாவை நாங்கள் காட்டிய ஒரு கிளினிக்கில், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இரண்டே நிமிஷத்தில் சொன்னார்கள்: "நல்லாத் தேஞ்சு போச்சு. படி ஏறாதீங்க, தரையில உட்காராதீங்க, ரொம்ப நடக்காதீங்க." மாத்திரைச் சீட்டைவிட அந்த வாக்கியம்தான் ஆயாவோடு வீட்டுக்கு வந்தது. தேய்கிற பொருளை நாம் எப்படி வைத்துக்கொள்வோம்? செருப்பு தேய்ந்தால் நல்லது கெட்டதுக்கு மட்டும் போடுவோம். அம்மிக்கல் தேய்ந்தால் கொத்தக் கொடுப்போம். முட்டி தேய்ந்தால், மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும் என்று நடையைக் குறைப்போம். ஆயா செய்தது அவர் கேட்ட சொல்லுக்குச் சரியாகப் பொருந்தும் காரியம்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் முட்டி செருப்பு மாதிரி வேலை செய்வதில்லை. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அதற்குச் சாப்பாடு, மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்திலிருந்து வர வேண்டும். நடக்கும்போது பாரம் ஏறி அமுங்குகிறது, கால் தூக்கும்போது விடுபடுகிறது. துணியைத் தண்ணீரில் பிழிந்து விடுவது மாதிரி அந்த அமுங்கி விடுபடுவதில்தான் திரவம் உள்ளே போய் வெளியே வருகிறது. அசையாமல் வைத்த மூட்டு பட்டினி கிடக்கிறது என்றே சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் முட்டி மாற்று அறுவைக்குக் காத்திருந்தவர்களிடம் பேசிப் பார்த்த ஆய்வாளர்கள் இதே பயத்தைத்தான் கண்டார்கள்: 'எலும்போடு எலும்பு உரசுகிறது' என்று நம்பியவர்கள், பயிற்சி செய்தால் இன்னும் கெடும் என்றும் நம்பினார்கள். நம்மூர்ச் சொல்லில் 'ஜவ்வு தேஞ்சு போச்சு'.

அசைவைக் கண்டு வரும் இந்தப் பயத்துக்கு மருத்துவ உலகம் 1990இல் 'கைனீசியோஃபோபியா' என்று தனிப்பெயரே வைத்தது. அதை அளக்க 17 கேள்விகள் கொண்ட டாம்பா அளவுகோல் இருக்கிறது. பயம் எப்படி முடக்கமாக மாறுகிறது என்பதை விளாயன், லிண்டன் என்ற இரு உளவியலாளர்கள் 2000இல் எழுதிய கட்டுரை பரவலாக்கிய ஒரு கருத்துமாதிரி விளக்குகிறது. வலி வருகிறது, இது ஆபத்து என்று மனசு எடுத்துக்கொள்கிறது, அசைவைத் தவிர்க்கிறோம், தவிர்க்கத் தவிர்க்கத் தசை இளைக்கிறது, மனசு சோர்கிறது, அடுத்த முறை அசையும்போது வலி கூடுதலாகத் தெரிகிறது. முட்டி விஷயத்தில் இதில் ஓர் உடல் முடிச்சும் உண்டு. மூட்டில் நீர் கோத்தால், முன்தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளை தானாகவே மட்டுப்படுகிறது. அந்தத் தசைதான் நிற்கும்போது முட்டியைப் பிடித்துக்கொள்வது. அது தளர்ந்தால் முட்டி 'மடங்கி'ப் போகிறது, விழுந்துவிடுவோம் என்ற பயம் வலியோடு சேர்கிறது.

ஆயா நாற்காலியிலிருந்து எழுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முதலில் மூச்சை அடக்குவார். வலி இல்லாத இடது காலில் எடையை முழுக்கச் சாய்ப்பார். வலது உள்ளங்கையைத் தொடைமேல் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே உந்தாக எழுவார். எழுந்ததும் உடனே நடக்க மாட்டார். முட்டியையே பார்த்துக்கொண்டு, அது என்ன சொல்கிறது என்று கேட்பவர் போல் நிற்பார். வலி வரும் முன்பே முகம் சுருங்கிவிடும். அந்தச் சுருக்கத்தில் வலியைவிட எதிர்பார்ப்பே அதிகம் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

இதோடு ராத்திரிகளையும் சேர்க்க வேண்டும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுகிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். 'இது இனி சரியாகாது', 'படுக்கையில் விழுந்துவிடுவேன்', 'பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவேன்' என்று ஒரே நினைப்பு சுற்றிச் சுற்றி வருபவர்களுக்கு, அதே தேய்மானத்தில் வலியும் முடக்கமும் அதிகம். நம் பகுதியில் இந்த நினைப்புக்கு இடம் தாராளம். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, நாற்பது பேர் புழங்கிய வீட்டில் ஒரு ஆச்சியும் வேலைக்கு வந்து போகும் ஒரு பெண்ணும் மட்டும் இருக்கும் வீடுகள் எத்தனை! விழுந்தால் யார் வருவார்கள் என்ற கேள்வி அங்கே வீண் கற்பனை ஆகாது. ஆளில்லாத வளவில் நடப்பதற்கு ஒருத்தர் பயப்பட்டால், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

தனியாக இருப்பவர் கதை அது. வீடு நிறைய ஆள் இருப்பவர் கதை இன்னும் சிக்கல்.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானால் 'வேறு வைப்பது' வழக்கம். ஒரே கூரைக்குள் தனிப் புள்ளி (தனிக் குடும்பக் கணக்கு), தனி அடுப்பு. மாமியாரும் தன் அடுப்பில் தனக்குச் சமைத்துக்கொள்வார். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். வயதான பெண்ணைத் தனியாகச் சமைக்க விடுவதா என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. என் எண்ணம் இதற்கு நேர் எதிர். அந்த அடுப்புதான் எத்தனையோ ஆச்சிகளை எண்பது வயது வரை நடமாட வைத்திருக்கிறது. காலையில் எழுந்து தண்ணீர் எடுக்க, அரிசி களைய, முற்றத்தில் காயப்போட்ட வற்றலைத் திருப்பிப் போட என்று நூறு சின்ன எழுதல் உட்காருதல். அதைவிட முக்கியம், 'என் புள்ளியை நான் நடத்துகிறேன்' என்ற எண்ணம்.

ஆயாவுக்கு முட்டி வலி என்று தெரிந்ததும் நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டது அந்த அடுப்பைத்தான். அன்பினால்தான் செய்தோம். "நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்கிறோம்." காபி கைக்கு வந்தது, சாப்பாடு கட்டிலுக்கு வந்தது. வலி என்று சொன்னால் நாலு பேர் ஓடி வந்தோம். வலியில்லாமல் நடந்த அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாள்பட்ட வலியில், சுற்றியிருப்பவர்கள் எதற்கு ஓடி வருகிறார்கள், எதைக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்பதே நோயாளியின் நடத்தையை உருவாக்குகிறது என்று அமெரிக்க உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் 1976இலேயே எழுதினார். அளவுக்கு மீறித் தாங்கும் குடும்பத்தில் முடக்கம் கூடுவதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டின. இதைப் படித்த அன்று எனக்குத் தொண்டை அடைத்தது. ஆறு மாசத்தில் ஆயாவின் தொடை இளைத்ததில் எங்கள் கையும் உண்டு.

வெட்கமும் நடையைக் குறைக்கிறது. கைத்தடி என்றால் கிழடு என்று அர்த்தம். மகள் வாங்கி வந்த கம்பு பல வீடுகளில் பீரோ மறைவில் நிற்கிறது. வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால் அது முட்டியின் சுமையைக் குறைக்கும், கூடுதல் தூரம் போக விடும். ஆனால் கல்யாண வீட்டு வாசலில் கம்போடு இறங்குவதைவிட, கல்யாணத்துக்கே போகாமல் இருப்பது சுலபமாகத் தெரிகிறது. முன்னோருக்குப் படையலிடும் படைப்பு வீட்டில் எல்லோரும் தரையில் இருக்கையில் தான் மட்டும் நாற்காலியில் உட்காருவது, சாமிக்கும் பெரியவர்களுக்கும் முன்னால் மரியாதைக் குறைவு என்று கூசுகிறார்கள். வீட்டுக்குள் செருப்புப் போடச் சொன்னால், ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் செருப்புக் காலா என்கிறார்கள். கொல்லைப்புறத்து கழிப்பறையில் குந்தி எழ முடியாதே என்று சிலர் ஊருக்குக் கிளம்பும் நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. இன்னும் சிலர் ஊருக்கே கிளம்புவதில்லை.

"தினம் அரை மணி நேரம் நடங்க" என்கிறார்கள். எங்கே நடப்பது? ஒரு பெண் சும்மா தெருவில் நடந்தால், "எங்க ஆச்சி, இந்நேரத்துல?" என்று மூன்று திண்ணையிலிருந்து கேள்வி வரும். கேட்பவர்களிடம் தப்பெண்ணம் இல்லை, விசாரிப்புதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் பதில் வேண்டும். கோயில் என்றால் அது பதில். ஊருணிக்கரையை ஒரு சுற்று சுற்றி வந்தேன் என்றால், அதற்கு இன்னொரு கேள்வி வரும். ஆகவே நடைப்பயிற்சி என்று சொல்லாமல் பிரகாரம் ஒன்பது சுற்று என்று சொன்னால் எங்கள் ஊரில் வேலை நடக்கிறது. தைப்பூசத்துக்குப் பழநி பாதயாத்திரை போன ஊர் இது. நடை இங்கே வேண்டுதல். காரணமுள்ள நடைக்குப் பெண்கள் அஞ்சியதே இல்லை. அதனாலேயே, 'இந்த வருஷம் என்னால் முடியாது' என்று முதல்முறை சொல்ல நேரும் பெண்ணுக்கு, முட்டியைவிடப் பெரியது ஒன்று போய்விடுகிறது.

பேருந்தையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பெரிய உதவி. ஆனால் முதல் படி உயரம். ஏறுவதற்குள் விசில் ஊதிவிடுவார்களோ, பின்னால் நிற்பவர்கள் முனகுவார்களோ என்ற பதற்றத்திலேயே அடுத்த பேருந்துக்கு நிற்பவர்களை நிறுத்தத்தில் பார்க்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் உட்கார இடமுள்ள பெண்களைப் பற்றி. அதே தெருவில் பலகாரம் போடும் இடத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்காவுக்கும் ஆயாவுக்கு வந்த அதே முட்டி வலி. வயது ஐம்பத்திரண்டு. விடியற்காலை நாலு மணிக்கு அடுப்புக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்தால் தேன்குழல் பிழிந்து, சீடை உருட்டி, மதியம்தான் எழுவார். "எக்ஸர்சைஸ் பண்ணச் சொல்றாக. நாலு மணியிலேருந்து நான் என்ன பண்றேன்னு நெனச்சாக?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரே இடத்தில் முட்டியை முழுக்க மடக்கி மணிக்கணக்கில் இருப்பதும், தொடைத் தசைக்குப் பலம் சேர்ப்பதும் வேறு வேறு என்பதை அவருக்கு யாரும் உட்கார்ந்து விளக்கியதில்லை. அவர் பயமும் வேறு. "நாற்காலி வேணும்னு கேட்டா, முடியாத ஆளுன்னு வேற ஆளப் பாத்துருவாக." ஆயா வலியைப் பெரிதாக நினைத்து நின்றுவிட்டார், இந்த அக்கா வலியை மறைத்துக்கொண்டு ஓடுகிறார், சனிக்கிழமை ராத்திரி வீங்கிய காலோடு விழுகிறார். இரண்டுமே அசைவு கெட்ட கதைதான். அவருக்கு மனநல ஆலோசனையைவிட முதலில் தேவை, அடுப்பை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக் கட்டுவதும், மணிக்கொரு தரம் ஐந்து நிமிஷம் எழுந்து நிற்க அனுமதியும். அது முதலாளி செய்ய வேண்டிய காரியம். நோயாளியின் மன உறுதியில் போய்த் தேடக்கூடாது.

பெண் சொல்லும் வலியை எதிரில் இருப்பவர் எப்படிக் கேட்கிறார் என்பதும் இதில் சேர்த்தி. கனடாவின் ஒண்டாரியோவில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2008இல் வெளியானது. ஒரே அளவு முழங்கால் தேய்மானம், ஒரே விவரம் சொல்லும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் 71 மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். ஆணுக்கு முட்டி மாற்றுச் சிகிச்சையைப் பரிந்துரைத்தவர்கள் 67 சதவீதம், பெண்ணுக்கு 33 சதவீதம். கனடாவில் அப்படியென்றால், மகன் பேச, தான் பின்னால் நிற்கும் நம்மூர்ப் பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, எது உதவுகிறது? பயிற்சி உதவுகிறது, ஆனால் மாயம் செய்யாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 0 முதல் 100 வரையிலான அளவில் வலி சராசரியாக 12 புள்ளி குறைந்தது. பின்னால் வந்த பெரிய தொகுப்பில் அதைவிடச் சற்றுக் குறைவு. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. முழுக்கப் போய்விடும் என்று நம்பித் தொடங்குபவர் இரண்டாம் வாரம் நிறுத்திவிடுவார். எடை குறைந்தால், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டிச் சுமை நாலு கிலோ குறைகிறது.

டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய 'கிளாட்' திட்டம், பயிற்சிக்கு முன்னால் விளக்க வகுப்பு வைக்கிறது. பிறகு ஆறு வாரம், வாரம் இரண்டு முறை குழுவாகப் பயிற்சி. அதில் வலிக்கு ஓர் அளவும் சொல்லித் தருகிறார்கள்: பத்துக்கு ஐந்து வரை வலித்தால் பயப்பட வேண்டாம், 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி, வராவிட்டால் அடுத்த முறை குறைத்துச் செய்யலாம். ஆயாவுக்கு மாத்திரையைவிட இந்த அளவுதான் அதிகம் உதவியது. அதுவரை வலி என்றால் கேடு என்று இருந்தவருக்கு, 'இது மூணு, இது ஆறு' என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. (காய்ச்சலோடு முட்டி சிவந்து சுடுவது, திடீரென்று கால் ஊன்றவே முடியாமல் போவது, கெண்டைக்கால் வீங்குவது, இவை அந்தக் கணக்கில் சேராது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.)

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து செய்யும் பிசியோதெரபியும் உண்டு. வெளியே வரக் கூசும் பெண்ணுக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடக் கூடாது என்பது என் ஆசை. மகளிர் குழுக் கூட்டத்துக்கு வரும் பத்துப் பெண்கள் சேர்ந்து, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியைப் பத்து நிமிஷம் செய்தால், 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்ற எண்ணம் முதலில் போகும்.

'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை பேச்சினால் வருவதைவிட, தானே செய்து பார்த்த சின்ன வெற்றியினால்தான் அதிகம் வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் எழுதினார். ஆயா வீட்டில் அதை நிலைப்படியிலிருந்து தொடங்கினோம். அடுப்பைத் திருப்பிக் கொடுத்தோம், மேடை மேல். நாற்காலிக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து நாலு அங்குலம் உயர்த்தினோம். ஒவ்வொரு நிலையின் பக்கத்திலும் ஆசாரியைக் கொண்டு ஒரு மரக் கைப்பிடி அடித்தோம். தேக்கு நிலையில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஆயா பிடிவாதம் பிடித்ததால், சுவரில். முதல் வாரம் ஒரு படி. போய்த் திரும்பி வருவது. கூட வருபவர் கையைப் பிடிக்கக் கூடாது, ஓர் அடி பின்னால் வரலாம். அடுத்த வாரம் இரண்டு. வலித்தது. 'மூணுதான்' என்றார். ஐந்தாம் படியில் ஒரு மாசம் நின்றுபோனார், ஏனென்று எங்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. பிறகு தாண்டினார்.

கார்த்திகை தீபம் கழிந்து இருபத்தோராம் நாள் பிள்ளையார் நோன்பு. முந்தைய வருஷம், தரையில் உட்கார முடியாது என்று ஆயா உள்ளேயே இருந்துகொண்டார்; இழையை (மாவில் திரியிட்டு ஏற்றி, பெரியவர் கையால் வாங்கிச் சாப்பிடுவது) யாரோ கொண்டுபோய்க் கொடுத்தார்கள். போன வருஷம் வளவில் பெரியவர்கள் வரிசைக்கு அருகே, உயர்த்திய அந்த நாற்காலியைப் போட்டு வைத்திருந்தோம். அடுப்படியிலிருந்து தானே வந்தார். சுற்றி ஒருமுறை பார்த்தார். எதிர்வரிசையில் இருந்த அவருடைய ஓரகத்தி, "எனக்கும் ஒண்ணு எடுத்துப் போடுங்கத்தா" என்றார்.